முப்பத்தேழாவது சவ்வும் ஒரு முழு ஆறும்

திருநெல்வேலிக்காரர்களுக்கு எல்லா விஷயத்திலும் மூளை நன்றாகவே வேலை செய்யும், தண்ணீர் விஷயத்தைத் தவிர. வெளியூர்க் கல்யாணத்தில் இலை கொள்ளாமல் விருந்து வைத்தாலும், கை கழுவும்போது, "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, தண்ணிதான் சரியில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வெற்றிலைத் தட்டுப் பக்கம் போவோம். சென்னையில் இருக்கும் என் சித்தப்பா ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் ஒரு கேன் நிறையத் தாமிரபரணித் தண்ணீரை ரயிலில் ஏற்றிக்கொண்டு போவார். (அதில் காபி போட்டுக் குடித்தால் தலைவலி வராதாம். அந்தக் கேனைத் தூக்கித் தூக்கித்தான் தலைவலியே வருகிறது என்பது சித்தியின் கட்சி.)

சித்தப்பாவைக் கேலி செய்ய எனக்குத் தகுதி கிடையாது. அவர் வங்கிக் குமாஸ்தா; தெரியாமல் செய்தார். நான் வேதியியலில் முதுகலை முடித்து, அதற்கு மேலும் படித்துக்கொண்டிருந்தவள். அப்படியிருந்தும் அந்த ஆற்றை நம்பி நான் செய்த காரியத்தை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு என் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் ஆராய்ச்சி மாணவி. எரிபொருள் மின்கலத்துக்குச் சவ்வு செய்வது என் வேலை. பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. ஹைட்ரஜனில் இருக்கிற புரோட்டான் மட்டும் சவ்வுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகும். எலக்ட்ரான் போக வழியில்லாமல் கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அது சுற்றிப் போகிற வழியில் நாம் ஒரு விளக்கையோ விசிறியையோ வைத்துக்கொண்டால் மின்சாரம். புகை இல்லை, சத்தம் இல்லை. கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் தண்ணீர்தான்.

வெளிநாட்டுச் சவ்வு ஒன்று உண்டு. நல்ல சவ்வுதான், ஆனால் எங்கள் துறையின் வசதிக்கு அதைப் படத்தில்தான் பார்க்க முடியும். அதனால் என் வழிகாட்டி ஞானதுரை சார், துணி ஆலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சியாகப் போடுகிற மலிவான பாலிமரை எடுத்துக்கொண்டார். அதில் ஒரே ஒரு சிக்கல், அது தண்ணீரில் கரையும். தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தவேண்டிய சவ்வு தண்ணீரில் கரைந்தால் எப்படி? அதற்குத்தான் குறுக்குப் பிணைப்பு. நீள நீளமான இழைகளாகக் கிடக்கும் பாலிமரில், ஓர் இழைக்கும் இன்னோர் இழைக்கும் இடையே ஒரு ரசாயனத்தைக் கொண்டு அங்கங்கே முடிச்சுப் போட்டுவிடுவது. முடிச்சு குறைந்தால் சவ்வு ஊதிக் கொழகொழவென்று ஆகும். கூடினால் அப்பளம் மாதிரி ஒடியும், புரோட்டானும் போகாது. சரியான அளவு எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே எனக்கு இரண்டு வருடம் போயிருந்தது. முப்பத்தாறு சவ்வுகள் குப்பைக்குப் போயிருந்தன.

அப்பா, பாபநாசம் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரான விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தார். நான் ஆராய்ச்சி செய்வதில் அவருக்கு ஆட்சேபம் ஒன்றும் கிடையாது. எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்பவர்களிடம் பதில் சொல்ல முடியவில்லையே என்பதுதான் குறை. ஒருநாள் உட்காரவைத்து இந்த முடிச்சு விவகாரத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அறுந்த இழைக்கு முடிச்சுப் போடத்தான் மில்லுல எங்கள வச்சிருக்கான். நீ அறாத இழைக்கு முடிச்சுப் போடுத. அதுக்கு டெல்லிக்காரன் மாசாமாசம் ரூவா அனுப்புதான். நல்லா இருக்கட்டும்" என்றார்.

அந்த டெல்லி உதவித்தொகைதான் பிரச்சினை. இரண்டு வருடத்துக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். மே மாத நடுவில் இரண்டு பேர் கொண்ட குழு வந்து வேலையைப் பார்க்கும். திருப்தி என்றால் இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பு, முனைவர் பட்டம். இல்லையென்றால் அன்றோடு கதை முடிந்தது. அப்பா ஏற்கெனவே அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை பேசி, அதற்கான கடிதத்தையும் வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். ஜூன் ஒன்றாம் தேதி சேரவேண்டும். தப்பான வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அந்தச் சவ்வை விட்டுவிட மனமில்லை. அதை விட்டுவிட்டுப் போனால் ஆயுசுக்கும் அதையே நினைத்துக்கொண்டு கரும்பலகை துடைப்பேன் என்று எனக்குத் தெரியும்.

குழு திங்கட்கிழமை வருகிறது. அதற்கு முந்தின வியாழக்கிழமை, முப்பத்தேழாவது சவ்வில் ஒரு சின்னத் துண்டு வேலை செய்தது. உடைந்த டேப்ரிக்கார்டரின் மோட்டாரில் பவுடர் டப்பா மூடியை வெட்டி இறக்கை பொருத்தியிருந்தேன். அது பதினொரு நிமிடம் சுற்றியது. நானும் ஆய்வக உதவியாளர் சுடலைமுத்து அண்ணாச்சியும் மட்டும் பார்த்தோம். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பிறகு அந்தத் துண்டு கழற்றும்போது கிழிந்துபோனது. பரவாயில்லை, அதே பக்குவத்தில் இரண்டு பெரிய துண்டு செய்து அடுப்பில் காயவைத்து அமிலத்தில் ஊறப்போட்டேன். இனி மிச்சம் ஒரே வேலைதான்: ஒட்டியிருக்கும் அமிலம் போகக் காய்ச்சி வடித்த தண்ணீரில் நன்றாக அலசவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர் காய்ச்சி வடிக்கிற சாதனத்தில் கம்பிச்சுருள் எரிந்துபோனது.

ஞானதுரை சார் விடைத்தாள் திருத்த மதுரை போயிருந்தார். ஞாயிறு இரவுதான் வருவார். கல்லூரிக் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், வாளியின் ஓரத்திலெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக்கிடக்கும். அதில் கழுவினால் சவ்வு கெட்டுப்போகும் என்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. (அந்த அறிவோடு நின்றிருக்கலாம்.) கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்குள் இருந்த வேதியியல்காரி எழுந்து வெளியே போனாள். விக்கிரமசிங்கபுரத்துக்காரி வந்து உட்கார்ந்தாள். உப்புத் தண்ணீர்தானே கெடுதல்? எங்கள் தண்ணீரில் ஏது உப்பு? சவுக்காரம் நுரைத்துத் தள்ளும், பருப்பு பத்து நிமிடத்தில் வேகும். இதைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் எங்கே இருக்கிறது?

அதிலும் நான் சாமர்த்தியசாலி. பாளையங்கோட்டைப் பக்கம் ஆறு கலங்கிவிடும் என்று, மலையிலிருந்து இறங்கி வருகிற இடத்திலேயே கழுவுவதென்று முடிவு செய்தேன். சனிக்கிழமை சவ்வுகளை எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு, மடியில் வைத்து, பாபநாசம் பேருந்தில் ஊருக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "தூக்குல என்ன பாப்பா, பாயசமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஆராய்ச்சியாளர்கள் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்திருந்த வயது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் குடும்பமே படித்துறைக்குக் கிளம்பியது. கொசுவலையில் ஒரு பை தைத்து, சவ்வுகளை அதற்குள் விரித்துவைத்து, ஒரு கம்பில் கட்டி ஓடுகிற தண்ணீரில் தொங்கவிட்டேன். என் முன்யோசனையைச் சொல்லவேண்டும். பாபநாசத்தில் பக்தர்கள் பொரி போட்டுப் போட்டு மீன்களுக்கு எது தொங்கினாலும் தின்கிற பழக்கம். அதனால் அப்பா ஒரு குச்சியோடு தண்ணீரில் நின்று மீன்களைக் காவல் காத்தார். குரங்கு வந்து பிடுங்காமலிருக்க அம்மா குடையோடு படியில். மேலே துவைக்கிறவர்களின் சவுக்காரத் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில்தான் ஒரு பெண்மணியோடு சண்டை வந்தது. அவள் ஒரு மூட்டைத் துணியோடு மேல்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, கொஞ்ச நேரம் கீழ போயித் துவைங்க. இங்கன சவுக்காரம் போடக் கூடாது" என்றேன்.

"ஏன், ஆறு உங்க அப்பன் வீட்டு ஆறா?"

"ஆராய்ச்சி நடக்கு."

அவள் எழுந்து வந்து வலைக்குள் எட்டிப் பார்த்தாள். "பிளாஸ்டிக் கவர ஊறப்போட்டுட்டு ஆராய்ச்சிங்க. இதுக்குக் காவலுக்கு மூணு ஆளு. பெரிய கலெக்டரு குடும்பம்!" என்று சொல்லிவிட்டு, துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். போகிற வழியெல்லாம் ஆள் பார்த்து இதைச் சொல்லிக்கொண்டே போனாள் என்பது மாலையில் தெரியவந்தது.

ஐந்து மணி நேரம். அரைமணிக்கு ஒருதரம் எடுத்து, லிட்மஸ் தாளை வைத்துப் பார்த்து, மறுபடியும் இறக்கினேன். இரண்டாவது தடவையிலேயே அமிலம் போய்விட்டது. அதோடு விட்டிருந்தாலும் ஏதோ கொஞ்சம் பிழைத்திருக்கும். எனக்குத் திருப்தி வரவில்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி கோமு, இத்தன தடவ அலசுனா அதுல உள்ள சத்தெல்லாம் போயிராதா?"

"யம்மா, இது என்ன அரிசியா? உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்றேன். அம்மா எட்டாம் வகுப்பு. இரண்டு பட்டம் வாங்கிய மகள் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தானே வேண்டும், கேட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை முதல் பேருந்தில், தூக்குவாளி நிறைய ஆற்றுத் தண்ணீரும் அதற்குள் சவ்வுகளுமாகப் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தேன். ஞானதுரை சார், "கழுவியாச்சா?" என்று கேட்டார். "நல்லாக் கழுவியாச்சு சார்" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

பத்து மணிக்குக் குழு வந்தது. தலைவர் டெல்லியிலிருந்து வந்த வடக்கத்தியர். அதிகம் பேசாதவர், ஆங்கிலத்தில் மட்டும் அளந்து பேசுவார். இன்னொருவர் பெங்களூரில் பேராசிரியர். ஆனால் பிறந்தது இங்கே ஆற்றங்கரையில் இருக்கும் சீவலப்பேரி. ஊரைவிட்டுப் போய் முப்பது வருடமாகியும், உள்ளே நுழைந்ததும் பானைத் தண்ணீரைக் கேட்டு வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "இது போர்த் தண்ணில்லா" என்று முகத்தைச் சுளித்தவர்.

விசிறி காற்றில் சுற்றுகிறது என்று யாரும் சந்தேகப்பட்டுவிடக் கூடாதே என்று, சுடலைமுத்து அண்ணாச்சி ஜன்னல்களையெல்லாம் அடைத்து, மேலே ஓடிய மின்விசிறியையும் நிறுத்திவிட்டார். மே மாதம், பாளையங்கோட்டை, அடைத்த அறை, உள்ளே ஐந்து பேர். ஐந்து நிமிடத்தில் தலைவரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் ஹைட்ரஜனைத் திறந்துவிட்டேன். வோல்ட்மீட்டர் முள் அழகாக ஏறி நின்றது. தலைவர் தலையை ஆட்டினார். எனக்குக் கர்வம் தாங்கவில்லை. "இப்போது விசிறியை இணைக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன்.

இணைத்தேன். முள் படுத்துக்கொண்டது. விசிறி அசையவில்லை.

கம்பியைக் கழற்றினால் முள் எழுந்து நிற்கிறது. மாட்டினால் படுத்துவிடுகிறது. இறக்கையை விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். அரைச் சுற்றுப் போய் நின்றது. இன்னொரு சுண்டு. மறுபடி அரைச் சுற்று. அந்த அறையில் அப்போது காற்றுக்காகத் தவித்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் அந்தப் பவுடர் டப்பா மூடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். "வியாழக்கிழமை சுத்துச்சு சார். சத்தியமாச் சுத்துச்சு" என்றார் அண்ணாச்சி, யாரும் கேட்காமலேயே.

தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "வியாழனுக்கும் இன்றைக்கும் நடுவில் எதை மாற்றினீர்கள்?"

"எதையும் மாற்றவில்லை. கழுவியது மட்டும்தான்."

"எதில்?"

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். "தாமிரபரணியில்."

"அது என்ன, புதுக் கரைப்பானா?" என்று அவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். சீவலப்பேரிக்காரர் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். அவர் தலைவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம் திரும்பி, "எந்தப் படித்துறைம்மா?" என்று கேட்டார்.

"பாபநாசத்துக்குக் கிட்ட சார். மலைத் தண்ணி."

"அப்பம் தண்ணில ஒரு குத்தமும் சொல்ல முடியாதே" என்றார் அவர், திருப்தியாக.

ஞானதுரை சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தலைவருக்கு விஷயம் புரிந்ததும் ஒரே வார்த்தை சொன்னார்: "கால்சியம்." ஆற்றுத் தண்ணீரில் கால்சியம் இருக்கும். சவ்வில் புரோட்டான் உட்காரவேண்டிய இடத்திலெல்லாம் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் புரோட்டான் எப்படி நகரும்?

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு, "ஆமாம் ஐயா, தவறுதான்" என்று சொல்லியிருக்கவேண்டும். என் இரண்டு வருட உழைப்பு, பட்டம், எல்லாம் அவர் பேனா முனையில் இருந்தது. ஆனால் எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! "சார், அது மற்ற ஆறுகளில் இருக்கலாம். எங்கள் தண்ணீரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது" என்று குரலை உயர்த்திவிட்டேன். சீவலப்பேரிக்காரர், "மிகவும் மென்மையான நீர்" என்று எனக்குத் துணைக்கு வந்தார். அந்தத் தைரியத்தில் நான் தூக்குவாளியைக் கையில் எடுத்து, "வேண்டுமானால் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்" என்று தலைவர் முன்னால் நீட்டினேன். (காலையில் சவ்வு கிடந்த தண்ணீர்.) ஞானதுரை சார் கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் குடிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக் கரும்பலகைக்குப் போனார். "மென்மையான நீர் என்றால் கால்சியமே இல்லாத நீர் என்று அர்த்தமல்ல. ஒரு லிட்டரில் கொஞ்சம்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வாளியில் கழுவியிருந்தால் தப்பித்திருப்பீர்கள். ஓடும் ஆற்றில் எத்தனை மணி நேரம்?"

"ஐந்து."

"ஐந்து மணி நேரத்தில் எத்தனை லிட்டர் இதைத் தொட்டுக்கொண்டு போயிருக்கும்? நீங்கள் இதைக் கழுவவில்லை. ஒரு முழு ஆற்றையும் கொண்டுவந்து இதற்கு ஊட்டியிருக்கிறீர்கள்."

அவர் எழுதிய கணக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினோராம் வகுப்புப் பாடம். நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மீனுக்கும் குரங்குக்கும் சவுக்காரத்துக்கும் காவல் போட்டவள், தண்ணீருக்குள் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இருக்கும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. சத்தெல்லாம் போய்விடாதா என்று அம்மா கேட்டாளே, அதுதான் நடந்திருந்தது. எட்டாம் வகுப்புப் படித்தவள் சரியாகச் சொல்லியிருந்தாள்.

"காய்ச்சி வடித்த நீர் ஏன் பயன்படுத்தவில்லை?" என்று கேட்டார் தலைவர். கம்பிச்சுருள் எரிந்த கதையைச் சொன்னேன். ஊரில் வேறெங்கும் அது கிடைக்காது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

சுடலைமுத்து அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "எதுத்தாப்ல பெட்ரோல் பங்குல விக்கான்லா பாப்பா. பேட்டரிக்கு ஊத்துத தண்ணி. அது காய்ச்சி வடிச்சதுதான? எஞ் ஸ்கூட்டருக்கு நான் அங்கனதான் வாங்குதேன்."

நான் அண்ணாச்சி பக்கம் திரும்பினேன்.

"ஏன் அண்ணாச்சி, வெள்ளிக்கிழமையே சொல்லக்கூடாதா?"

"நீ தூக்குவாளியத் தூக்கிட்டு ஓடுன வேகத்துல நான் எங்கன சொல்ல?"

தலைவர் குறிப்பேட்டை மூடினார். மதியம் அவர்கள் திருச்செந்தூர் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, அப்படியே சாயங்கால ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு. வாசலில் நின்று, கடுமையாக இல்லாமல்தான் சொன்னார்: "நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். நான் பார்த்தது சுற்றாத விசிறி."

கார் போனதும் சாமான் அறைக்குள் போய் அழுதேன். விசும்பல் எல்லாம் இல்லை, ஓவென்றே அழுதேன். வெட்கம் ஒரு பக்கம், சட்டைப் பையில் மடித்து வைத்த அந்தக் கடிதம் ஒரு பக்கம். சார் வெளியே காத்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும், "அழுது முடிச்சாச்சா? அப்பம் அமிலத்தச் சூடு பண்ணு" என்றார். "அஞ்சு மணி நேரம் ஆத்துல கிடந்தும் சவ்வு ஊதல, கிழியல. பாத்தியா? முடிச்சு சரியாத்தான் விழுந்திருக்கு. உள்ள உக்காந்திருக்கவனத்தான் எழுப்பி விடணும்."

சூடான நீர்த்த அமிலத்தில் போட்டால் கால்சியம் வெளியேறி, புரோட்டான் திரும்ப வந்து உட்காரும். அண்ணாச்சி எதிர்ப் பங்குக்கு ஓடி, பேட்டரித் தண்ணீர் பாட்டில்களைக் கை கொள்ளாமல் வாங்கிவந்தார். ஊறவைத்து, அலசி, மறுபடி ஊறவைத்து, அலசி, மின்கலத்தைப் பூட்டி முடிக்கும்போது ஐந்தேகால். ஹைட்ரஜனைத் திறந்தேன். விசிறி சுற்றியது. நன்றாகச் சுற்றியது. ஆனால் பார்க்கவேண்டியவர் ரயில் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏறு பாப்பா" என்றார் அண்ணாச்சி, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே.

ஹைட்ரஜன் செய்கிற கண்ணாடிச் சாதனத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு பெரிய பலூனில் வாயுவை நிரப்பி, குழாயைச் சொருகி, வாயு வெளியேறாமல் கிடுக்கி போட்டு என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். மடியில் மின்கலமும் விசிறியும். தலைக்கு மேலே சிவப்புப் பலூன். பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி சந்திப்பு வரைக்கும் வழியில் எங்களைப் பார்க்காத ஆளில்லை. நிலையத்துக்குள் ஓடும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, "பலூன் என்ன வில?" என்று கேட்டாள். விற்பதற்கில்லை என்றேன். "பெறவு எதுக்குத் தூக்கிட்டு அலையுத?" என்று கோபித்துக்கொண்டாள்.

கோடை விடுமுறைக் கூட்டத்தில் குழுவுக்குச் சாதாரணப் படுக்கைப் பெட்டியில்தான் இடம் கிடைத்திருந்தது. தலைவர் நெற்றி நிறைய விபூதியோடு நடைமேடையில் நின்றுகொண்டிருந்தார், கையில், பன்னீர் இலையில் மடித்துக் கொடுக்கிற திருச்செந்தூர் இலை விபூதி. என்னையும் பலூனையும் மாறி மாறிப் பார்த்தார். மூச்சு வாங்க, "சுத்துது சார்" என்றேன், தமிழிலேயே. கிடுக்கியைத் தளர்த்தினேன். விசிறி சுற்றியது.

அவர் வானத்தைப் பார்த்தார். "காற்று வீசுகிறது" என்றார்.

வீசத்தான் செய்தது. சீவலப்பேரிக்காரர் என்னைக் கையைப் பிடித்துப் பெட்டிக்குள் ஏற்றினார். அவர்கள் பகுதியின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக இறக்கினார். மேலே ஓடிய மின்விசிறியையும் நிறுத்தினார். அந்தப் பகுதியில் ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தது.

"ஏ ஐயா, என்ன செய்யுதிய? வெந்துல்லா சாவோம்!" என்றார் குடும்பத் தலைவர்.

"ரெண்டு நிமிசம் அண்ணாச்சி. ஆராய்ச்சி நடக்கு" என்றார் பெங்களூர்ப் பேராசிரியர்.

இருக்கையின் மேல் மின்கலத்தை வைத்தேன். கிடுக்கியைத் திறந்தேன். புழுக்கத்தில் ஓர் இலைகூட அசையாத அந்தப் பெட்டிக்குள், பவுடர் டப்பா மூடி மெதுவாக அசைந்து, ஒரு சுற்று வந்து, பிறகு விடாமல் சுற்றியது. தலைவர் குனிந்து, தன் கையாலேயே குழாயை நசுக்கிப் பிடித்தார். சிறிது நேரத்தில் விசிறி தளர்ந்து நின்றது. விட்டார். சுற்றியது. மறுபடி பிடித்தார், மறுபடி விட்டார். சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை செய்துபார்த்தார். அவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"இதுக்கா இந்தப் பாடு?" என்றார் புளியோதரைக்காரர். "திருச்செந்தூர்க் கடைல பேட்டரி விசிறி வாங்கிருக்கேன், இதவிட வேகமாச் சுத்தும்."

ரயில் ஊதியது. தலைவர் இலை விபூதியில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் இறங்கி நின்றேன். பாஸா, ஆறுதலா? பலூன் சுருங்கி, என் மணிக்கட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

ஊருக்கு வந்து காத்திருந்தேன்; மே முப்பதாம் தேதி வரை கடிதம் இல்லை. அப்பா என் சேலைகளில் நல்லதாக இரண்டை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கிவந்து மேசைமேல் வைத்தார். பள்ளிக்கூடத்துக்கு. முப்பத்தொன்றாம் தேதி மதியம் தபால்காரர் வந்தார்.

நீட்டிப்பு, இரண்டு வருடம். முழுசாக. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அப்பா கடிதத்தை வாங்கி, அர்த்தம் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், கூட வந்த குழு அறிக்கையின் கடைசிப் பத்தியில் நின்றுவிட்டேன். "சொல்லு, ஏன் நிறுத்திட்ட?" என்றார். சொன்னேன். துறைக்கு உடனடியாகப் புதிய நீர் வடிப்புச் சாதனம் வழங்கவேண்டும். அது வரும்வரை இந்த மாணவியை ஆற்றுப் பக்கம் விடக்கூடாது. அதற்குக் கீழே, கையால், தமிழில், சீவலப்பேரிக்காரரின் எழுத்தில் ஒரு வரி: "ஆற்றின் மீது குற்றம் எதுவும் இல்லை என்பது என் தனிப்பட்ட கருத்து."

அப்பா அன்று சிரித்த சிரிப்பு நிற்க ஒரு வாரம் ஆனது. கடிதத்தின் நகலை மில்லுக்கு எடுத்துக்கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினார். என் ஆராய்ச்சி என்னவென்று அதுவரை ஊருக்குச் சொல்லத் தெரியாமல் திண்டாடியவருக்கு, சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது. என் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள, இவள ஆத்துல குளிக்கக் கூட்டிட்டுப் போறதுன்னா டெல்லிக்கு ஒரு வார்த்தை எழுதிருங்க" என்றார். மாப்பிள்ளை பாவம், ஒரு வருடம் வரை இதை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது என்னிடமே மாணவிகள் ஆராய்ச்சி செய்கிறார்கள். போன மாதம் இரண்டு பேரை ஊருக்கு அழைத்துப் போயிருந்தேன். படித்துறையில் அவர்கள் தயங்கி நின்றார்கள். எண்பது வயதாகிற அப்பா மேல்படியிலிருந்து கைத்தடியை ஆட்டி, "நீங்க தாராளமா எறங்குங்கம்மா, நல்ல தண்ணி. உங்க டீச்சருக்கு மட்டுந்தான் சர்க்கார்த் தடை" என்று ஆறு முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சாதனம் வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, தடை எப்போதோ காலாவதியாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்பம் நீக்கி எழுதுன ஆர்டரக் காட்டு" என்றார் அப்பா.

அப்படி ஒன்று என்னிடம் இல்லை. செருப்பைக் கழற்றாமல் கரையிலேயே நின்றேன்.